ரஷ்யாவின் பணத்துக்கு ஐரோப்பாவில் யார் ஜாமீன்?

கேள்வி: ரஷ்ய மத்திய வங்கியின் பணம் ஐரோப்பாவில் பெருந்தொகையாக முடங்கிக் கிடக்கிறது. போரைத் தொடங்கியது ரஷ்யா. அந்தப் பணத்தை எடுத்து உக்ரைனுக்குக் கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்? சர்வதேசச் சட்டம் தடுக்கிறது என்பது உண்மையா, சும்மா சாக்கா?

சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அதற்காக, சட்டம் ஒன்றுதான் தடுத்தது என்று சொல்வதும் சரியாக இருக்காது. 2022-லிருந்து சட்ட அறிஞர்களும் பொருளாதார ஆய்வாளர்களும் இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றைப் படித்துவந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சட்டம் ‘கூடாது’ என்று அடித்துச் சொல்லவில்லை, ‘தாராளமாகச் செய்’ என்று தைரியமும் தரவில்லை. அப்படியானால் நாளை வழக்கில் தோற்றால் நஷ்டம் யார் தலையில்? ஐரோப்பா திணறியது இந்த இடத்தில்தான்.

முதலில் பணம் எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பாதி விவாதம் இது புரியாமல் நடப்பதுதான்.

2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு. 28-ஆம் தேதி, ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பு தொடர்பான எந்தப் பரிவர்த்தனையும் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் கனடாவும் சேர்ந்துகொண்டன. ரஷ்யாவின் மொத்தக் கையிருப்பு அப்போது சுமார் 63,000 கோடி டாலர். ஒரு வார இறுதி முடிவதற்குள் அதில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவின் கைக்கு எட்டாமல் போனது. இதில் சுமார் 21,000 கோடி யூரோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறது. அதிலும் 18,000 கோடிக்கு மேல் ஒரே நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது. பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகிளியர்தான் அந்த நிறுவனம். அமெரிக்காவில் இருப்பது 500 கோடி டாலர் அளவுக்குத்தான். பறிமுதல் செய்ய அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2024 ஏப்ரலில் நிறைவேற்றியபோது ஐரோப்பியர்கள் சிலர் சிரித்தார்கள். பணம் இருப்பது ஒருவரிடம், வீரம் காட்டுவது இன்னொருவர்.

யூரோகிளியர் சாதாரண வங்கி அல்ல. நம் டீமேட் கணக்குகளுக்குப் பின்னால் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற பத்திரக் காப்பகங்கள் இருக்கின்றன அல்லவா, உலக அளவில் அந்த வேலையைச் செய்வது இது. 1968-இல் மோர்கன் கேரண்டி வங்கி பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது. இன்று அதன் பாதுகாப்பில் இருக்கும் பத்திரங்களின் மதிப்பு 40 லட்சம் கோடி யூரோவைத் தாண்டும். பல நாட்டு மத்திய வங்கிகளின் பத்திரங்களும் இதற்குள் அடக்கம்.

ரஷ்ய மத்திய வங்கி அங்கே வைத்திருந்தது பெரும்பாலும் கடன் பத்திரங்கள். பத்திரத்துக்குத் தவணைதோறும் வட்டி வரும், முதிர்வு நாளில் அசல் வரும். வழக்கமாக வந்த பணத்தை வாடிக்கையாளர் எடுத்துப் போய்விடுவார். இங்கே வாடிக்கையாளருக்குத் தடை. அதனால் பத்திரங்கள் ஒவ்வொன்றாக முதிர முதிர, ரொக்கம் யூரோகிளியரிலேயே தேங்கியது. 2025-க்குள் பெரும்பகுதி ரொக்கமாகிவிட்டது. அந்த ரொக்கத்தை யூரோகிளியர் ஐரோப்பிய மத்திய வங்கியில் டெபாசிட் போடுகிறது. வாடிக்கையாளருக்கு அதற்கு வட்டி தர வேண்டிய கடமை யூரோகிளியருக்கு இல்லை.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. 2022 நடுவில் ஐரோப்பிய மத்திய வங்கியின் டெபாசிட் வட்டி மைனஸ் 0.5 சதவீதம். விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றிக்கொண்டே போனதில், 2023 செப்டம்பரில் அது 4 சதவீதத்தைத் தொட்டது. தேங்கிக் கிடந்த பணம் குட்டி போடத் தொடங்கியது. முடக்கப்பட்ட ரஷ்யச் சொத்துகளால் யூரோகிளியருக்கு 2023-இல் வந்த வட்டி 440 கோடி யூரோ. 2024-இல் 690 கோடி. இதில் பெல்ஜிய அரசுக்கு 25 சதவீத வரி தனியாகப் போனது. பின்னாளில் அபாயத்தைப் பற்றிப் பெல்ஜியம் பேசியதெல்லாம் நியாயம்தான், ஆனால் இந்த வரியை யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை.

ஒன்றியம் முதலில் கைவைத்தது இந்த வட்டியில்தான். அசல் ரஷ்யாவுடையது, வட்டி ரஷ்யாவுக்குச் சேர வேண்டியது அல்ல, எனவே எடுத்தால் யாருடைய சொத்தையும் பறித்ததாகாது என்பது வாதம். 2024 மே மாதம், நிகர லாபத்தில் 99.7 சதவீதத்தைக் கட்டச் சொல்லி முடிவெடுத்தார்கள். ஜூலையில் முதல் தவணையாகச் சுமார் 150 கோடி யூரோ வந்தது. அதே ஆண்டு ஜி7 நாடுகள், இனி வரப்போகும் வட்டியைக் காட்டி 5,000 கோடி டாலர் கடன் திரட்டி உக்ரைனுக்குத் தர ஒப்புக்கொண்டன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அசலைத் தொடவே இல்லை.

அசலைத் தொடுவதற்கு வந்தால்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு நாட்டின் அரசுச் சொத்தை, குறிப்பாக மத்திய வங்கியின் சொத்தை, இன்னொரு நாட்டின் நீதிமன்றம் ஜப்தி செய்யக் கூடாது என்பது பழைய விதி. இந்தப் பாதுகாப்பைத்தான் விலக்குரிமை என்கிறார்கள். இதன் கூர்மை தெரிய வேண்டுமானால் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் வில்லா விகோனியின் கதையைப் பார்க்க வேண்டும்.

1944 ஜூன் 10 அன்று கிரேக்கத்தில் டிஸ்டொமோ என்ற ஊரில் ஜெர்மன் நாஜிப் படை 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குழந்தைகளையும் விடவில்லை. உறவினர்கள் 1997-இல் கிரேக்க நீதிமன்றத்தில் ஜெர்மனிக்கு எதிராக இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். கிரேக்க உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் கிரேக்கத்தில் ஜெர்மன் அரசின் சொத்தை ஜப்தி செய்ய நீதி அமைச்சரின் அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போனார்கள். இத்தாலிய நீதிமன்றங்கள் அதைச் செல்லும் என்று ஏற்றன. அங்கே ஜெர்மன் அரசுக்குச் சொந்தமாக இருந்த வில்லா விகோனி மீது 2007-இல் வில்லங்கம் பதிவானது. அது ஜெர்மன்–இத்தாலியக் கலாசாரப் பரிமாற்றத்துக்கான மையம். கருத்தரங்கு நடத்தும் மாளிகை.

ஜெர்மனி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு வந்தது. நடந்தது கொடுமை என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஜெர்மனியே மறுக்கவில்லை. ஆனாலும் குற்றம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் ஒரு அரசின் விலக்குரிமை போய்விடாது, வில்லா மீதான வில்லங்கம் சட்டவிரோதம் என்று தீர்ந்தது. வில்லா விஷயத்தில் வாக்கு 14-க்கு 1. இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2014-இல் இதை ஏற்க மறுத்ததும், ஜெர்மனி 2022-இல் மறுபடி வழக்குப் போட்டதும் தனிக்கதை.

ஜெர்மனி இத்தனை பிடிவாதம் பிடிப்பதன் காரணம் வெளிப்படை. 2022-இல் போலந்து இரண்டாம் உலகப் போர் இழப்பீடாகக் கேட்ட தொகை சுமார் 1.3 லட்சம் கோடி யூரோ. போர்க் குற்றத்துக்காக அடுத்தவன் அரசுச் சொத்தை எடுக்கலாம் என்ற வழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், முதலில் கதவைத் தட்டுபவர்களின் வரிசை பெர்லினில்தான் நிற்கும்.

சரி, அப்படியானால் ரஷ்யப் பணத்தையும் தொட முடியாதா? இங்கேதான் ஆய்வாளர்கள் இரண்டு பட்டார்கள். மேலே சொன்னது நீதிமன்றங்கள் பற்றிய விதி. ரஷ்யப் பணத்தை முடக்கியது நீதிமன்றம் அல்ல, அரசு. அரசின் நிர்வாக உத்தரவுக்கு இந்த விலக்குரிமை பொருந்துமா என்பதே திறந்த கேள்வி. பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், சர்வதேசச் சட்டத்தில் எதிர்நடவடிக்கை என்று ஒன்று உண்டு. ஒரு நாடு சட்டத்தை மீறினால், அதை வழிக்குக் கொண்டுவர, சாதாரணமாகக் கூடாத ஒன்றைப் பாதிக்கப்பட்ட நாடு செய்யலாம். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் இதற்கான விதிகளைத் தொகுத்தது. இரண்டு நிபந்தனைகள் இங்கே இடிக்கின்றன. நடவடிக்கை கூடுமானவரை பின்னால் திருப்பிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். அடுத்தது, பாதிக்கப்பட்ட நாடு செய்யலாம் சரி, பெல்ஜியம் மீது யார் குண்டு போட்டார்கள்? மூன்றாம் நாடு எதிர்நடவடிக்கை எடுக்கலாமா என்பதை அந்தத் தொகுப்பே தீர்க்காமல் விட்டுவைத்தது.

சர்வதேசச் சட்ட அறிஞர்கள் ஹரால்ட் கோ, பிலிப் சாண்ட்ஸ், முன்னாள் அமெரிக்க ராஜதந்திரி பிலிப் ஜெலிகோ உள்ளிட்ட ஒரு குழு 2024 தொடக்கத்தில் ‘முடியும்’ என்று விரிவாக எழுதியது. ஆக்கிரமிப்பு என்பது உலகத்துக்கே எதிரான மீறல், எனவே மூன்றாம் நாடுகளுக்கும் உரிமை உண்டு என்றார்கள். ரஷ்யா எப்படியும் இழப்பீடு தந்தாக வேண்டும், எடுக்கிற பணத்தை அந்தக் கணக்கில் வரவு வைத்துவிட்டால் ரஷ்யா எதையும் இழக்கவில்லை, கடன்தான் குறைகிறது என்றார்கள். எதிர்த்தரப்பு கேட்டது எளிய கேள்வி. இழப்பீடு எவ்வளவு என்று தீர்த்தது யார்? எந்த மன்றம்? கடனைத் தானே கணக்குப் போட்டு, தானே தீர்ப்பெழுதி, தானே வசூலிப்பதை எதிர்நடவடிக்கை என்று சொல்லலாமா? எனக்கு முதல் தரப்பின் வாதம் அறிவுக்கு நன்றாகவே படுகிறது. ஆனால் நீதிமன்றத்தில் ஜெயிக்கும் என்று கைக்காசைப் பந்தயம் கட்ட மாட்டேன். முடிவெடுக்க வேண்டிய நிதி அமைச்சர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இராக்கை உதாரணம் காட்டுவார்கள். குவைத்தை ஆக்கிரமித்ததற்காக இராக்கிடமிருந்து இழப்பீடு வசூலிக்க 1991-இல் ஐ.நா. ஓர் ஆணையம் அமைத்தது. இராக் எண்ணெய் விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து, 2022-க்குள் 5,240 கோடி டாலர் பட்டுவாடா செய்து முடித்தது. குவைத்திலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய இந்திய, இலங்கைத் தொழிலாளர்களும் அந்தப் பணம் வாங்கினார்கள். ஆனால் அதற்குப் பின்னால் பாதுகாப்புச் சபையின் தீர்மானம் இருந்தது. இங்கே பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவுக்கே வீட்டோ. பொதுச்சபை 2022 நவம்பரில் ரஷ்யா இழப்பீடு தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 94, எதிர்ப்பு 14, விலகி நின்றவை 73. இந்தியா விலகி நின்ற கூட்டத்தில். பொதுச்சபைத் தீர்மானத்துக்குக் கட்டாயப்படுத்தும் வலு கிடையாது.

பொருளாதார ஆய்வாளர்களின் கவலை வேறு. யூரோவில் பணம் வைத்திருக்கும் மற்ற நாடுகள் பயந்து ஓடிவிட்டால்? பேரி ஐக்கன்கிரீனும் சர்வதேச நாணய நிதிய ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு, பொருளாதாரத் தடைக்கு ஆளாகும் நாடுகளின் மத்திய வங்கிகள் கையிருப்பில் தங்கத்தின் பங்கைக் கூட்டுவதைக் காட்டியது. 2022-லிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ஐரோப்பிய மத்திய வங்கியின் கணக்குப்படி 2024 இறுதியில் உலகக் கையிருப்பில் தங்கம் 20 சதவீதம், யூரோ 16 சதவீதம். தங்கம் விலை ஏறியதும் இதில் ஒரு காரணம், அதை மறந்துவிடக் கூடாது. நம் ரிசர்வ் வங்கியும் 2023–24-இல் லண்டனிலிருந்து 100 டன் தங்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தது. உள்நாட்டில் வைக்கப் போதிய இடம் இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் கவலையை நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் பார்க்கிறேன். பயந்தவர்கள் 2022 பிப்ரவரியிலேயே பயந்துவிட்டார்கள். பணத்தை எடுக்க முடியாது என்பது தெரிந்த பிறகு, அது முடக்கமா பறிமுதலா என்பதில் பீஜிங்குக்கோ ரியாத்துக்கோ அத்தனை வித்தியாசம் இருக்குமா? மேலும், யூரோவை விட்டு ஓடினால் போக வேண்டிய இடம் டாலர். அதுவும் இதே தடையில் பங்கெடுத்தது. தங்கம் ஒன்றுதான் மிச்சம், அதை எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

இப்போது 2025-க்கு வரலாம். ஜெர்மன் பிரதமர் மெர்ஸ் செப்டம்பரில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பிறகு ஐரோப்பிய ஆணையம் அதைச் சட்ட வரைவாக்கியது. யூரோகிளியர் தன்னிடம் தேங்கியிருக்கும் ரொக்கத்தை மத்திய வங்கி டெபாசிட்டில் வைப்பதற்குப் பதில், வட்டியில்லாமல் ஒன்றியத்துக்குக் கடனாகக் கொடுக்கும். ஒன்றியம் அதை உக்ரைனுக்குக் கடனாகக் கொடுக்கும். ரஷ்யா இழப்பீடு கொடுத்தால் மட்டும் உக்ரைன் திருப்பித் தரும். யூரோகிளியர் ஏட்டில் ‘ரஷ்ய மத்திய வங்கிக்குத் தர வேண்டியது’ என்ற வரி அப்படியே இருக்கும். எதிர்ப்பக்கத்தில் டெபாசிட் இருந்த இடத்தில் ஒன்றியத்தின் கடன் பத்திரம் வந்து உட்காரும். ரஷ்யாவின் உரிமை ஒரு காசும் குறையவில்லை, எனவே பறிமுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். முதலில் பேசிய தொகை 14,000 கோடி யூரோ.

கணக்குப் பிள்ளைகள் போட்ட திட்டம் என்ற வகையில் இதைப் பாராட்டலாம். ஓட்டை ஒன்றே ஒன்று. நாளை தடை நீங்கி ரஷ்யா ‘என் பணத்தைக் கொடு’ என்று வந்து நின்றால், அல்லது ஏதோ ஒரு தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னால், யூரோகிளியர் கையில் ரொக்கம் இருக்காது. பத்திரம்தான் இருக்கும். உக்ரைனோ இழப்பீடு வராமல் தராது. அப்போது ஜாமீன் போட்டவர்கள் கொடுக்க வேண்டும்.

பெல்ஜியப் பிரதமர் பார்ட் டி வேவர் பிடித்துக்கொண்டது இதைத்தான். யூரோகிளியரில் முடங்கிக் கிடப்பது பெல்ஜியத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள தொகை. போதாக்குறைக்கு, பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் 1989-இல் சோவியத் யூனியனோடு செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ரஷ்யா நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மத்திய வங்கியின் கையிருப்பு முதலீடு ஆகுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் வழக்கு என்று வந்தால் பெயர் பெல்ஜியத்தின் பெயர்தான், ஒன்றியத்தின் பெயர் அல்ல. எல்லா நாடுகளும் உச்சவரம்பு இல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள், நான் சம்மதிக்கிறேன் என்றார் டி வேவர். உக்ரைனுக்காக மேடையில் உருகிய தலைவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தார்கள். இத்தாலியும் மால்டாவும் பல்கேரியாவும் வேறு வழி தேடலாம் என்றன. கடைசி ஜாமீனாக நிற்க ஐரோப்பிய மத்திய வங்கியும் மறுத்தது. அரசுகளின் செலவுக்குப் பணம் அச்சிட்டுத் தர ஒப்பந்தப்படி அதற்குத் தடை.

டி வேவரைப் புதினின் ஆள் என்று கூடத் திட்டினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சட்டப்படி அபாயம் மிகக் குறைவு என்று மற்றவர்கள் மனதார நம்பியிருந்தால், அந்தக் கையெழுத்துக்குச் செலவே இல்லை. போடத் தயங்கியதிலேயே அவர்கள் நம்பிக்கையின் அளவு தெரிந்துவிட்டது.

2025 டிசம்பர் 12 அன்று இரண்டு காரியங்கள் நடந்தன. யூரோகிளியர் மீது மாஸ்கோ நடுவர் நீதிமன்றத்தில் (பெயர்தான் நடுவர், உண்மையில் வணிக வழக்குகளுக்கான ரஷ்ய அரசு நீதிமன்றம்) வழக்குப் போடுவதாக ரஷ்ய மத்திய வங்கி அறிவித்தது. கேட்ட தொகை 18.2 லட்சம் கோடி ரூபிள் என்பது சில நாளில் தெரியவந்தது. யூரோகிளியர் வாடிக்கையாளர்களின் சொத்து 1,000 கோடி யூரோவுக்கு மேல் ரஷ்யாவுக்குள் இருப்பதால் இது வெற்று மிரட்டல் அல்ல. அதே நாள், ஒன்றியம் முடக்கத்தைக் காலவரையின்றி நீட்டித்தது. அதுவரை தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 27 நாடுகளும் ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹங்கேரி முரண்டு பிடிக்கும், ஏதாவது பேரம் நடக்கும். இம்முறை ஒன்றிய ஒப்பந்தத்தின் 122-ஆம் பிரிவைப் பயன்படுத்தினார்கள். பொருளாதார நெருக்கடிக்கான பிரிவு அது. பெரும்பான்மை போதும், நாடாளுமன்றத்தையும் கேட்க வேண்டியதில்லை.

ஒன்றியச் சட்டம் படிப்பவர்கள் பரபரப்பாவது இந்த இடத்தில்தான். கோவிட் கால வேலைப் பாதுகாப்புக் கடனுக்கு இந்தப் பிரிவு, 2022 எரிவாயு நெருக்கடிக்கு இந்தப் பிரிவு, 2025-இல் ஆயுதக் கொள்முதலுக்கான 15,000 கோடி யூரோ கடனுக்கும் இந்தப் பிரிவு. கடைசியாகச் சொன்னதை எதிர்த்து ஐரோப்பிய நாடாளுமன்றமே ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ரஷ்யப் பணத்தின் விஷயத்தில் என்ன ஆனாலும், அவசரகாலப் பிரிவை வைத்து வீட்டோவைத் தாண்டும் இந்தப் பழக்கம் ஒன்றியத்துக்குள் நிலைத்துவிடும் என்பது என் கணிப்பு. செய்தித்தாள்கள் இதற்குத் தந்த இடம் போதாது.

டிசம்பர் 18 தொடங்கிய உச்சிமாநாடு விடியற்காலை வரை இழுத்தது. ரஷ்யப் பணத்தின் மேல் கட்டிய கடன் திட்டம் ஓரம் கட்டப்பட்டது. ஒன்றியம் தன் பட்ஜெட்டைக் காட்டிச் சந்தையில் கடன் வாங்கி, 2026, 2027 ஆண்டுகளுக்கு 9,000 கோடி யூரோவை வட்டியில்லாக் கடனாக உக்ரைனுக்குத் தருவது என்று முடிவானது. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு மூன்றுக்கும் அதில் பொறுப்பு இல்லை. ரஷ்யா இழப்பீடு தந்தால் மட்டும் உக்ரைன் திருப்பித் தரும் என்ற ஷரத்து அப்படியே நின்றது. முடங்கிய பணத்தைப் பின்னால் பயன்படுத்தும் உரிமையையும் ஒன்றியம் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வந்தால், உக்ரைனுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள், ரஷ்யாவின் பணத்தை எடுத்துத் தரவில்லை. சந்தையில் வாங்கும் கடனுக்கான வட்டியை 24 நாடுகளின் வரி கட்டுபவர்கள் சுமப்பார்கள். அளவில்லாத ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடுவதை விட, அளவு தெரிந்த வட்டியைக் கட்டுவது மேல் என்று அரசுகள் கணக்குப் போட்டன. இனி இந்த விஷயத்தைத் தொடர நினைத்தால் மாஸ்கோ வழக்கின் தீர்ப்பைவிட, அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ரஷ்யா எந்த மூன்றாம் நாட்டில் யூரோகிளியரின் சொத்தை ஜப்தி செய்யப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். அதோடு, 122-ஆம் பிரிவு பற்றி லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றம் என்ன சொல்கிறது என்பதையும்.